ஒருவர் போதும்

அன்று வார்டில் இருந்தவர்கள் மூவர்: தணிகாசலம், ரத்தம் எடுக்கும் நர்ஸ் பாக்கியம், கணக்குப் பார்க்கும் ஷெரின். மற்ற இருபத்து மூன்று கட்டில்களும் காலி.

ஒரே மாத்திரையை நான்கு கம்பெனிகள் செய்திருந்தன. நான்கும் ஒன்றுபோல் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, இரண்டு வார இடைவெளியில் ஒவ்வொன்றாக விழுங்க வேண்டும். காபி கூடாது. முன்பு இதற்கு இருபத்து நான்கு பேர் தேவைப்பட்டார்கள், ஏனென்றால் மனித ரத்தம் தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தணிகாசலத்தின் ரத்தம் அப்படி ஒரே மாதிரி இருந்தது. ஒருவர் போதும் என்றது கணக்கு. ஒன்பது ஆண்டுகளாக அந்த ஒருவர் அவர்தான்.

"எங்க குடும்பத்து ரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்பார் நிமிர்ந்து உட்கார்ந்து.

பார்வையாளர் வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனாலும் அதுவரை யாரும் வந்ததில்லை.

நான்காம் மாத்திரையன்று ஷெரின் தயங்கினாள். "ஐயா, ரத்தத்துல அளவு முன்ன மாதிரி இல்ல, ஏறி இறங்குது. பழையபடி இருபத்துநாலு பேரு வேணும்னு கணக்கு சொல்லுது."

"இன்னொரு தடவை எடும்மா."

"மூணு தடவை எடுத்தாச்சுங்க."

"அப்ப நான்?"

"இருபத்துநாலுல நீங்களும் ஒருத்தர்."

அவர் முகம் சிவந்தது.

"விடுங்கய்யா, பேச்சுத்துணைக்கு ஆளாவது வரும்" என்றாள் பாக்கியம்.

அவர் பக்கத்துக் கட்டிலில் உலர்த்தியிருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டார்.

அவர் திருட்டுத்தனமாகக் காபி குடித்துவிட்டார் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அந்தக் குடும்பத்தில் யாரும் விதி மீறியதில்லை. நான்காம் மாத்திரைக்கு முந்தின நாள் மாலை அவருடைய மகள் முதன்முறையாக வந்து, அரைமணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.