வந்துட்டேன்

பூங்கோதை வீட்டுக் குழாய்க்குக் காது உண்டு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான், தினமும் ஆளுக்கு ஒரு பங்கு தண்ணீர் விடும். யாராவது "போறேன்" என்றால் அந்த நொடியே அவர் பங்கு நின்றுவிடும். திரும்பி வந்தவர் தன் வாயால் "வந்துட்டேன்" என்றால்தான் மறுபடி திறக்கும். அதனால் தெருமுனைக் கடைக்குப் போனாலும் அவளும் கணவன் அரங்கநாதனும் மறக்காமல் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள்.

இந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. இன்றைய தன் பங்கையும் அவனுக்கே ஊற்றித் தீர்த்திருந்தாள். அடுத்து அவன் பங்கைப் பிடிக்க டம்ளரைக் குழாயடியில் வைத்தபோது, பாயில் கிடந்தவன் முனகினான்.

"இனிமே தாங்காது கோதை. நான் போறேன்."

குழாய் நின்றது. டம்ளரின் அடிகூட நனையவில்லை.

"வந்துட்டேன்" என்று அவளே குரலைத் தடிமனாக்கிச் சொல்லிப் பார்த்தாள். குழாய் ஏமாறவில்லை. ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, வந்துட்டேன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

அவனுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தான். வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழவில்லை. அவளைப் பார்த்தபடியே கட்டைவிரலை மெல்ல உயர்த்தி, வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினான்.