ரெண்டு ரெண்டா

"நாடகத்துக்கு நாலு டிக்கெட் போடு பாப்பா" என்றார் அப்பா.

அவள் விரல் கைபேசியின் மேல் அப்படியே நின்றது.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவளும் அப்பாவும். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது.

சென்னைக்குப் போவதும் அந்த இரண்டு பேர்தான். இருவருக்குமே அதுதான் முதல் தடவை. முப்பத்தொரு வயதில் அவள் பார்த்திருந்த பெரிய ஊர் மதுரை. கோவில்பட்டியிலிருந்து அதுவரைக்கும்தான் போக வாய்த்தது.

திட்டம் முழுவதும் அப்பா போட்டது. ஞாயிறு காலை கலங்கரை விளக்கம். பிறகு மியூசியம். மத்தியானம் ஓய்வு. சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் நாடகம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, நாடகத்துக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தார். இடைவேளை பதினைந்து நிமிடம், கேன்டீன் இடதுபுறம் என்பதுவரை அதில் இருந்தது.

பார்க்காத ஊரைப் பற்றி இவ்வளவு விவரம் இவருக்கு யார் சொன்னது?

அதுவும் நாடகம். டிவியில் சீரியல் ஓடினாலே எழுந்து போய்விடுகிற மனுஷர்.

போன மாதத்திலிருந்தே அவளுக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். இறங்கி வரும்போது முகம் ஒரு மாதிரி இருக்கிறது. யாருப்பா என்றால் பென்ஷனர் சங்கம் என்கிறார். பென்ஷனர் சங்கத்தில் அப்படி என்ன முக்கால் மணி நேரப் பேச்சு?

கல்யாணத் தரகர்தான். வேறு யார்.

இதற்கு முன் மூன்று முறை நடந்திருக்கிறது. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு வரும்போது ஒரு குடும்பம் தற்செயலாக எதிரே வந்தது. சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இன்னொரு குடும்பம், தற்செயலாக அதே பந்தியில். மூன்றாவது ஜவுளிக்கடை. யாரென்றே தெரியாத ஒரு அம்மாள் அவள் தோளில் சேலையை விரித்துப் போட்டுவிட்டு, அவள் நிறத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஏமாற்றிக் கூட்டிப்போனால் வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்று. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் செய்யமாட்டேன் என்றார்.

அதை அவள் நம்பியிருந்தாள்.

இப்போது நாலு டிக்கெட்.

மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டாள். தெரிந்தவர்கள் என்றார். எந்தத் தெரிந்தவர்கள் என்றாள். மெட்ராஸில் இருக்கிறார்கள், நீ பார்த்ததில்லை என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

நேற்று மீசைக்கு டை அடித்திருந்தார். சம்பந்தி முன்னால் கிழவனாகத் தெரியக் கூடாதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். போதாக்குறைக்கு, அந்தப் பச்சைப் பட்டுச்சேலையை எடுத்து வைத்துக்கொள் என்று காலையில் ஒரு யோசனை வேறு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவள் பட்டு எதற்குக் கட்டுவாள்?

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு வரவில்லை.

திரையில் அரங்கத்தின் படம் வந்தது. சின்னச் சின்னக் கட்டங்கள். காலியானதெல்லாம் பச்சை. ஒன்பதாவது வரிசையில் நான்கு கட்டங்கள் சேர்ந்தாற்போல் இருந்தன.

"நாலும் ஒரே வரிசையில போடாத" என்றார் அப்பா. "ரெண்டு ரெண்டா போடு. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருட்டில் எவனோ ஒருத்தன் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்து இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடையை யார் பார்க்கப் போகிறார்கள்?

கைபேசியை மேஜையில் வைத்தாள்.

"எம் பக்கத்துல யாருப்பா?"

"அவங்க பொண்ணு. உன் வயசுதான்."

பொண்ணு.

அவள் மறுபடி எண்ணிப் பார்த்தாள். முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு. ஒன்றில் அவள், பக்கத்தில் அந்தப் பெண்.

மீதி இரண்டு கட்டங்கள் இருந்தன.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணின் அம்மா பெயர் தமயந்தி என்றார். போன வருடம் மதுரையில் சங்கக் கூட்டத்தில் பழக்கம் என்றார். வீட்டுக்காரர் தவறி எட்டு வருடம் ஆயிற்று என்றார்.

"உனக்குப் பிடிச்சாத்தான் பாப்பா. நீ வேண்டாம்னா அன்னைக்கே ரயிலேறிருவோம். அவங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அம்மா நினைவுக்கு வந்தாள். தன்னிடம் கேட்காமலே முக்கால்வாசி நடந்துவிட்டதே என்று இருந்தது.

சாப்பிட்டதும் தினமும் அவள் தன் அறைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அப்பா என்ன செய்கிறார் என்று இந்த ஆறு வருடத்தில் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் கைபேசியை எடுத்தாள். ஒன்பதாவது வரிசையை விட்டுவிட்டாள். நாலாவது வரிசையில் இரண்டு. அதற்கு நேர் பின்னால் இரண்டு. பின்னால் இருந்ததைத் தனக்கும் அந்தப் பெண்ணுக்கும் வைத்துக்கொண்டாள்.

பிறகு, பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்பதை அவளும் கேட்டாள்.

"அவங்களுக்குப் பாடத் தெரியுமாப்பா?"

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நல்லாப் பாடுவாங்க" என்றார்.

பாடுவாங்களாம் என்று சொல்லவில்லை.