வாப்பாவோட வந்தனான்

"உங்களால என்ரை பிள்ளையின்ரை படிப்பே பாழாப் போச்சு, டீச்சர்!"

நவரத்தினம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே வந்துவிட்டார். ஒரு கையில் மகள் நிரோஜா.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அந்த மாநகரசபைப் பாலர் பாடசாலை என்றால் ஒரு பழைய ஹோல், கொஞ்சம் பாய், ஒரு கரும்பலகை. அவ்வளவுதான். ஹப்ஸா டீச்சர் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்த, சேர்?"

"இன்னும் என்ன நடக்கவேணும்? நேற்று வெள்ளவத்தையில முதலாம் வகுப்புக்கு இன்டர்வியூ. பிரின்சிபல் அம்மா மடியில இருத்தாத குறையா, 'குஞ்சு ஆரோட வந்தனீங்கள்?' எண்டு கேட்டவ. இவள் டக்கெண்டு முஸ்லிம் பிள்ளையள் மாதிரிச் சொன்னாள், 'வாப்பாவோட வந்தனான்' எண்டு!"

பாயில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நிரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேற்று நெத்தி நிறையத் திருநீறோட நிண்டனான், டீச்சர். அது இந்துப் பள்ளிக்கூடம். அந்தம்மா என்ரை நெத்தியைப் பார்க்கிறா, பிள்ளையைப் பார்க்கிறா. 'இது உங்கட பிள்ளைதானோ?' எண்டு கேக்கேல்லை, அவ்வளவுதான். தகப்பனை என்னெண்டு கூப்பிடுறது எண்டே தெரியாத பிள்ளைக்கு ஆர் இடம் குடுப்பினம்?"

"ஊட்டுலயும் அப்பிடியா கூப்பிடுற?"

"வீட்டில ஒழுங்கா அப்பா எண்டுதான் கூப்பிடுறவள். அங்க போய்த்தானே மானத்தை வாங்கினவள்! மொண்டிசூரிப் பிள்ளையள் வந்து இங்கிலீஷில பாட்டுப் பாடுதுகள். இவளுக்கு ஆனா, ஆவன்னா எழுத வராது. இருபது வரை எண்ண வராது. நீங்கள் படிப்பிச்சதில இவளுக்கு ஒழுங்காப் பாடமானது இது ஒண்டுதான்!"

ஹப்ஸா டீச்சர் வாயைத் திறந்தார். வராந்தாவில் மாநகரசபையிலிருந்து வந்த சிங்கள ஐயா கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பிழ என்டதான், சேர். ஊட்டுல பேசுற பழக்கம், வாய்ல வந்துட்டு. மன்னிச்சிக்கோங்க."

"மன்னிச்சால் அந்த இடம் திரும்பி வருமே? இண்டையோட பிள்ளையை நிப்பாட்டுறன்."

நிரோஜாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினார்.

"ரோட்டுல பாத்துப் போங்க, சேர்" என்றார் டீச்சர்.

"எனக்கு வழி தெரியும்!"

மனுசன் பாவம். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த நாளிலிருந்து ஒன்றும் சரிவரவில்லை. லொட்ஜில் ஓர் அறை. கடையொன்றில் கணக்கு எழுதுகிற வேலை. கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் பொலிசுக்குப் போய்ப் பதில் சொல்லவேண்டிய தலையெழுத்து. இவ்வளவுக்கும் நடுவில், பிள்ளையாவது ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து ஆளாகட்டும் என்று எத்தனை பேரின் காலில் விழுந்திருப்பார். கடைசியில் அதிலும் மண் விழுந்துவிட்டது.

சந்தியில் திரும்பினால், ஐயோ, பொலிசார் ரோட்டை மறித்துவிட்டார்கள்.

ஓரமாக ஒரு லொறி. உள்ளே ஏற்கெனவே ஆட்கள் குந்தியிருந்தார்கள். எல்லாம் தமிழ் முகங்கள்.

திரும்பி நடந்தால் அதுவே சந்தேகம். முன்னால் போனால் அடையாள அட்டை. அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கிடக்கிறது, வேறென்ன வேண்டும்? கோபத்தில் திருநீறும் பூசாமல் கிளம்பிவந்த நெற்றி வேர்த்துக் கொட்டியது. பிள்ளையும் அழுது துடைத்துப் பொட்டு அழிந்த முகத்தோடு நின்றாள்.

காக்கிச்சட்டைப் பொலிஸ்காரன் கையை நீட்டிச் சிங்களத்தில் அட்டையைக் கேட்டான். "கோ, ஐ.டி. எக்க?"

நவரத்தினத்தின் கை பொக்கற்றுக்குள் போனது. போன கை வெளியே வரமாட்டேன் என்றது.

"வாப்பா!"

நிரோஜா அவருடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, பசிக்குது. வீட்ட போவம், வாப்பா!"

பொலிஸ்காரன் குனிந்து பிள்ளையைப் பார்த்தான். முகம் கொஞ்சம் இளகியது.

"ஆ, நானாத? யன்ன, யன்ன."

முஸ்லிம் ஆள் என்று நினைத்துப் போகச் சொல்லிவிட்டான்.

நவரத்தினம் நடந்தார். லொறிப் பக்கம் கண்ணைத் திருப்பவே பயம். அடுத்த தெருவுக்குள் போய், ஒரு பூட்டின கடைப் படியில் தொப்பென்று இருந்துவிட்டார்.

"குஞ்சு... ஏனம்மா அப்பிடிக் கூப்பிட்டனீ?"

"டீச்சர்தான் சொல்லித் தந்தவ. எங்கட வகுப்புச் செந்தூரன்ரை அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோனதெல்லே? அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எங்களைப் பாடமாக்க வைச்சவ. எப்பவும் அப்பாதானாம். காக்கி உடுப்புப் போட்ட மாமா நிண்டால் மட்டும் வாப்பாவாம். ஆருக்கும் சொல்லக்கூடாதாம்."

அந்த மனுசியை நவரத்தினம் எத்தனை பேருக்கு முன்னால் என்னவெல்லாம் பேசிவிட்டார்! டீச்சர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாரா?

திரும்பப் போகவேண்டும். எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

"அது சரியம்மா. நேற்று இன்டர்வியூவில ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

இவ்வளவு லேசான பாடம் இந்த அப்பாவுக்கு விளங்கவில்லையே என்று நிரோஜாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"அங்க கதவடியில நிண்ட வாச்சர் மாமாவும் காக்கிதானே போட்டிருந்தவர், அப்பா!"