நாற்பது பிழைகள்

உலக மென்பொருள் வரலாற்றில் அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்த ஒரு மென்பொருளின் குறிப்பு வரிகளில், அச்சகப் பிழைதிருத்துநர் ஒருவர் நாற்பது எழுத்துப்பிழைகளைக் களையெடுத்துவிட்டார்.

"அந்தக் குறிப்பையெல்லாம் கம்ப்யூட்டர் படிக்குமாங்க?" என்றாள் மனைவி.

"படிக்காது. அது மனுஷங்களுக்கு."

"அப்ப தப்போடயே ஓடுமே?"

"ஓடும்டி, மானம் போயிடுமே! உதவினவங்க பட்டியல்ல என் பேர் வரப்போவுது. உங்கண்ணன்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

"ஐயையோ, அப்ப வந்தே ஆகணுமே!"

மென்பொருளை நடத்துபவர்களிடமிருந்து பதில் வந்தது.

"ஐயா, அவை புதிதாக வரும் மாணவர்கள் திருத்திப் பழக நாங்களே போட்டு வைத்த பிழைகள். நாளை வகுப்புக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. வேறு நாற்பது எழுதித் தந்தால் உங்கள் பெயரைச் சேர்க்கிறோம்."

மச்சானை நினைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்.

மாலையில் பட்டியலில் பெயர் ஏறியது. பக்கத்தில் 'பிழைகள் உபயம்' என்று போட்டிருந்தது.