நீ யார்? எங்க நிக்கிற?

“இண்டைக்காவது சொல்லுங்க, இதென்ன?”

மீனவர் சங்கத் தலைவர் மஹ்ரூப் ஹாஜியார் ஒரு தாளை மேசையில் போட்டார். கடலில் நிற்பவர்களுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம். முந்தின நாள் பிரின்ட் எடுத்தது. முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரேயொரு தமிழ் வரி: ‘நீ யார்? எங்க நிக்கிற?’

ஹாஜியார் பாண் ரொட்டி வாங்கினாலும் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். இதை எழுதிய, சங்கத்தில் கம்பியூட்டர் வேலை பார்க்கும் நிசாந்தியோ வன்னியிலிருந்து வந்தவள்.

விடியற்காலை பனை விழுந்து கம்பி அறுந்ததில் ஆலங்குடாவில் கரண்ட் இல்லை. இருவரும் வேர்த்துக்கொண்டு இருந்தார்கள்.

“தொண்ணூறில முஸ்லிம்கள விரட்டி, மன்னாரிலயிருந்து வரக்குள்ள இயக்கத்துச் சென்ட்ரியில இப்பிடித்தான் கேட்டாங்க. ஆர்ட விபரம் எடுக்கிறீங்க?”

“ஆக்களிட்ட இல்ல ஹாஜியார். மெஷினிட்டத்தான் கேக்குது, நீ விண்டோஸா லினக்ஸா எண்டு. ரெண்டிலயும் மெசேஜ் அனுப்புற கட்டளை வேற வேற.”

“சங்கத்தில இருக்கிறது ஒரே மெஷின். அது விண்டோஸ் எண்டு நீங்கதானே சொன்ன? பொறகு என்ன கேள்வி?”

நிசாந்தி தாளைத் திருப்பி வைத்தாள். ஹாஜியாருக்குச் சந்தேகம் கூடியது.

“நேத்தே அந்தத் துண்ட அழிக்கச் சொன்னேனே. அழிச்சீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“என்ட வீட்டிலயும் இது ஓடுது. பழைய லெப்டொப். அது லினக்ஸ்.”

ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“வீட்டிலயா! முந்நூறு பேர்ட நம்பர்! ஆருக்குக் குடுக்கிறீங்க? இனி நீங்க வேலைக்கு வர வேணாம்.”

அவருடைய போன் கிணுங்கியது. சங்கத்து மெசேஜ்.

‘காற்று வலுக்கிறது. உடனே கரைக்குத் திரும்பவும்.’

ஹாஜியாரின் மகன் றஸீன் கடலில். போன் எடுத்தார், எடுத்தார், கிடைக்கவில்லை. வெளியே காற்று தகரத்தைப் பிய்த்தது. வேலை போன நிசாந்தியும் போகாமல் நின்றாள்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அந்தக் குரல் கேட்டது.

“வாப்பா, மெசேஜ் வந்ததும் திருப்பிட்டம். கரையில நிக்கிறம்.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர், மேசையிலிருந்த கம்பியூட்டரைப் பார்த்தார். இருட்டுத் திரை.

“கரண்ட் இல்லாம மெசேஜ் எப்பிடிப் போன?”

“வீட்டில சோலர் பெட்டரி இருக்கு ஹாஜியார். இது நிண்டா அது அனுப்பும். அதுக்குத்தான் ‘எங்க நிக்கிற’ எண்டு அந்தக் கேள்வி.”

ஹாஜியார் தாளை எடுத்து மெதுவாக மடித்தார்.

“நல்ல வேளை மகள், நீங்க என்ட சொல்லக் கேக்கல்ல.”