பலகையில் இரண்டு பேர்

“சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்கறாங்க. ‘வர்றேன்’னு ஒரு வார்த்தை அடிச்சு அனுப்புறதுல என்னங்க கஷ்டம்?”

மனைவி கேட்டதற்கு அவன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இஸ்திரி மேசையின் ஒரு பாதிதான் அவனுடைய தலைமை அலுவலகம். மறு பாதியில் அவள் குழந்தையின் கவுன்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் வேலைக்குப் போயிட்டா ‘பலகை’யை யாரு பாத்துக்கறது?”

‘பலகை’ அவன் உருவாக்கிய விக்கி. பழைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது, குறைந்த ஆட்களில் அவனும் ஒருவன். வீட்டில் உட்கார்ந்து மூன்று மாதம் தட்டித் தட்டிச் செய்தான். யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் எழுதலாம். அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அவ்வளவுதான் விஷயம். தொடங்கிய அன்று இருநூறு பேருக்குச் செய்தி அனுப்பினான். நூற்றுத் தொண்ணூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே வந்து பார்த்தவர்கள் பதினொரு பேர். தங்கியவர்கள் இரண்டு பேர்.

“ரெண்டு பேருக்காக யாராவது வேலையை விடுவாங்களா?”

“எந்த ரெண்டு பேருன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். ‘நேர்வழி’ என்ற பெயரில் எழுதுபவர் அவன் அப்பா, ஓய்வுபெற்ற தபால்காரர். ‘திசைகாட்டி’ அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற சர்வேயர்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவளுக்கு வலி எடுத்த அன்று, இருவரும் காரில் ஏறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார்கள். “பாலத்துல ஏறு” என்றார் தபால்காரர். “ரயில்வே கேட்தான் கிட்ட” என்றார் சர்வேயர். காரை ஓட்டிய அவன் இருவருக்கும் சமமாக மரியாதை கொடுத்தான். பாதிப் பாலம் போய், திரும்பி வந்து, மூடிய கேட்டின் முன்னால் நின்றான். குழந்தை அங்கேயே பிறந்துவிட்டது. ‘உன் வழியால்தான்’, ‘உங்க வழியால்தான்’ என்று ஆரம்பித்தது, சம்பந்திகள் இருவருக்கும் பேச்சே இல்லாமல் போனதில் முடிந்தது.

பலகையில் ‘நம்ம ஊர் வழிகள்’ என்று ஒரு பக்கம். யார் எவர் என்று தெரியாமல் இருவரும் அங்கே வந்து மோதிக்கொண்டார்கள்.

“அந்தத் திசைகாட்டி யாருடா?” என்று அப்பா கேட்டார். “அந்த நேர்வழி யாரு மாப்பிள்ளை?” என்று மாமனார் கேட்டார். யாருடைய பெயரையும் வெளியே சொல்லக் கூடாது என்று பலகையில் விதி இருப்பதாக இருவரிடமும் சொன்னான். அந்த விதியை அதற்குப் பிறகுதான் எழுதிச் சேர்த்தான்.

“நேத்து நடந்ததைக் கேளு,” என்று திரையைப் பார்த்துப் படித்தான். “எங்கப்பா எழுதறார்: ‘நீங்கள் சொல்லும் சந்தில் இருபது வருஷம் சைக்கிள் மிதித்தவன் நான். அதில் போகலாம், திரும்பி வர முடியாது.’ உங்கப்பா பதில்: ‘சைக்கிளுக்குத் தெரியாதது வரைபடத்துக்குத் தெரியும் ஐயா. முழங்கால் வலி குறைந்ததா?’”

அவள் கை நின்றது. “மாமாவுக்கு முழங்கால் வலின்னு எங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கயாவது எழுதியிருப்பார். தினம் இருபது திருத்தம். முதலாளிங்கறதுக்காக எல்லாத்தையும் நானே படிக்க முடியுமா?”

“பெரிய முதலாளி!”

“அஞ்சேகால் ஆனா சொல்லி வெச்ச மாதிரி ரெண்டு பேரும் வந்துடறாங்க. ஒருத்தர் எழுதின மூணாவது நிமிஷம் இன்னொருத்தர் திருத்தறார். இன்னும் கொஞ்ச நாள் போனா, யாருன்னு சொல்லி நேர்ல உக்கார வெச்சுடலாம். இப்போ நான் வேலைக்குப் போய், ஒருநாள் இது படுத்துடுச்சுன்னா மறுபடி மூணு வருஷம்.”

குழந்தையின் போன பிறந்தநாளுக்கு அவள் அப்பா வாசல்வரை வந்து, பொம்மையைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். ஒரு கவுனை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“சரி, மாட்டேன்னு எழுதாதீங்க. இன்னும் ரெண்டு வாரம் டைம் கேளுங்க.”

“மூணாவது தடவை கேக்கறேன். என்னையே திருத்திடப் போறாங்க.”

கேட்டு அனுப்பினான்.

மாடியிலிருந்து அப்பா இறங்கி வந்தார். தோளில் தூங்கிப்போயிருந்த பேத்தியை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போனையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டார்.

“வேலை என்னடா ஆச்சு?”

“ரெண்டு வாரம் டைம் கேட்டிருக்கேம்பா.”

“ம்” என்றபடி செருப்பை மாட்டினார். “ஒரு நடை போயிட்டு வந்துடறேன்.”

“முழங்கால் வலியோடயா மாமா?”

“நடந்தாத்தாம்மா அது அடங்கும்.”

பூங்காவுக்குள் அவர் நுழைந்தபோது மணி ஐந்தே கால். வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“என்ன, வேலைக்குச் சரின்னுட்டாரா?”

“எங்க! இன்னும் ரெண்டு வாரமாம். அந்தப் பலகையை விட மனசு வரலை அவனுக்கு.”

“அப்போ நாமளும் விட முடியாது. இருக்கறதே ரெண்டு பேர், அவங்களும் போயிட்டா மனசு உடைஞ்சுடுவார்,” என்று மற்றவர் போனை எடுத்துத் துடைத்தார். “வேலையில சேரட்டும், அன்னைக்கே உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துடறேன். அதுவரைக்கும் வேற வழியில்லை... சொல்லுங்க சம்பந்தி, இன்னைக்கு எந்தச் சந்துக்குச் சண்டை போடலாம்?”