சந்நிதியில் கழற்றிய வில்லை

புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் நஸ்ரின், வடிவாம்பாளின் தடித்த விரல்களைப் பார்த்துவிட்டு அவள் கணவர் கூத்தபிரானிடம் கேட்டார்: "ஐயா, அம்மாவின் முகம் எப்போதிலிருந்து இப்படி மாறியது?"

"மாறவில்லையே! மணநாளில் இருந்தபடியே இருக்கிறாள்."

"கண்ணிலுள்ள வில்லையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்."

எவரையும் இளமையாகவே காட்டும் அவ்வில்லையைக் கணவன் மனைவி இருவருமே அணிந்திருந்தார்கள். கோயில் சந்நிதியில் மட்டும் கூத்தபிரான் அதைக் கழற்றுவார். இறைவன் திருமுகத்தை உள்ளபடியே காண வேண்டும் என்பது அவர் நோன்பு. இப்போது கழற்றினார். நெற்றி புடைத்து, மூக்கு பருத்து, தாடை நீண்ட ஒருத்தி அருகில் அமர்ந்திருந்தாள்.

"மூளையடியில் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி; மெல்ல வளர்வது. முகம்தான் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும். அறுவை செய்து அகற்றலாம், உயிருக்கு அச்சமில்லை. ஆனால் நெடுநாள் கண்நரம்பை அழுத்தியதால் பக்கப் பார்வை போய்விட்டது. அது மீள்வது அரிது."



"மோதிரம் இறுகுகிறது என்று இவரிடம் சொன்னேன், டாக்டர். சோற்றைக் குறை என்றார்," என்று சிரித்த வடிவாம்பாள், சற்றுப் பொறுத்துக் கேட்டாள்: "ஏன் சத்தத்தையே காணோம், வெளியே போய்விட்டாரா?"

அவள் தோளருகிலேயே இருந்த கூத்தபிரான் எழுந்து, நாற்காலியை அவளுக்கு நேரெதிரே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.